மரவட்டை என்றால் நூறு பேர்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சதுப்பு எதற்கும் உபயோகமில்லாதது என்கிற விஷயம் பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரியாமலே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மேலே கொட்டை எழுத்தில் 'நகர விளிம்பு இயற்கைப் பகுதிகள் மதிப்பு நிர்ணய வாரியம்' என்று போட்டிருந்தது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

விஷயம் இதுதான். தெருக்கோடியில் உள்ள முப்பத்தெட்டு ஏக்கர் சதுப்பால் யாருக்காவது பயன் உண்டா என்று வாரியம் ஆராயப்போகிறது. உண்டு என்று தொண்ணூறு நாளுக்குள் நிரூபணமானால் பாதுகாக்கப்படும். இல்லையென்றால் அதை 'வெற்றிடம்' என்று அறிவித்து, மண்ணைக் கொட்டி மூடி, உருப்படியான காரியம் எதற்காவது கொடுத்துவிடுவார்கள்.

தெருவிலேயே கடைசி வீடு எங்களுடையது. பள்ளத்தில் இருப்பதும் அதுதான். மழை பெய்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் எங்கள் வாசற்படியை உரசிக்கொண்டு சதுப்புக்குப் போய்ச் சேரும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு படி ஏறியதில்லை. முன்னறையில் என் மூன்று தையல் மெஷினும், துணி வெட்டுகிற மேஜையும், பள்ளிக்கூடத்துச் சீருடை மூட்டைகளும் தரையோடு தரையாக இருக்கின்றன. சதுப்பை மூடினால் தண்ணீர் எங்கே போகும்? அதற்கு வாரியத்தின் நோட்டீஸைப் படிக்கத் தெரியாது. நேராக வீட்டுக்குள்தான் வரும். என் கவலை அது ஒன்றுதான். கொக்கு, நாரை மேலெல்லாம் அப்போதே எனக்குப் பெரிய பாசம் இருந்தது என்று சொன்னால் அது பொய்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அச்சடித்த காகிதம் எதைச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ரகம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது.

"நீ ஏன் பயப்படறே? மதிப்பு நிர்ணயம்னா மதிப்பு இருக்குன்னுதானே அர்த்தம்? நேர்ல போய் எடுத்துச் சொன்னா கேட்டுக்கப் போறாங்க" என்றார்.

தனியாக அனுப்பினால் சதுப்பை மூடுவதற்குச் சம்மதக் கடிதமே எழுதிக் கொடுத்துவிட்டு வருவார் என்று நானும் கூடவே கிளம்பினேன்.

வாரியம் ஆறாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. இவருக்குக் கை துறுதுறுவென்றது. "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று லிஃப்டின் சுவிட்ச் டப்பாவைத் திறக்கப் போனார். "வந்த வேலையை முதல்ல பாருங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினேன்.

உள்ளே ஜன்னலெல்லாம் மூடிக் கிடந்தது. மூடிய திரைகளில் அருவி படம் போட்டிருந்தது. மேஜைக்கு மேஜை பிளாஸ்டிக் செடி. ஒரு ஊழியர் ஒவ்வொரு பிளாஸ்டிக் இலைக்கும் பொறுமையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார்.

"பிளாஸ்டிக்குக்கு எதுக்குங்க தண்ணி?" என்று கேட்டேன்.

"ரூல் இருக்கும்மா. செடின்னா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை" என்றார். எந்தச் செடி என்று ரூலில் இல்லையாம்.

எங்களை எண்ணிக்கை அலுவலரிடம் அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நாலு பேனா. ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அந்த இடத்தை யார் பயன்படுத்தறாங்க?"

"தண்ணி சார்" என்றேன்.

"தண்ணி..." என்று எழுதிக்கொண்டார். "தொழில்?"

என் வீட்டுக்காரர் நெற்றியைச் சுருக்கி யோசித்து, "ஓடறது சார்" என்றார்.

"அடையாள அட்டை இருக்கா?"

இல்லை என்றதும் தண்ணீரைக் கோடு போட்டு அடித்துவிட்டார். "வேற யாராவது?"

"நாரை வரும். தவளை இருக்கு. ஒரு பெரிய ஆமை..."

"அதெல்லாம் அலங்காரம்மா. நான் பயனைக் கேக்கறேன்." பேனாவை மூடிவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்த மாதிரி மனசுல பட்டதை எல்லாம் சொல்லக் கூடாதுன்னுதான் நாங்க அறிவியல் முறை ஒண்ணு வச்சிருக்கோம். ஒரு இடத்தோட மதிப்புன்னா என்ன? அங்க விழற காலடி. எத்தனை பேர் கால் வைக்கறாங்களோ அத்தனை மதிப்பு. தினம் ஐந்நூறு பேர் வரணும். அதுக்குக் கீழ போனா, விதிப்படி அங்க யாருமே இல்லைன்னு அர்த்தம்."

"நானூத்தித் தொண்ணூத்தொன்பது பேர் வந்தா சார்?" என்று இவர் கேட்டார். மெக்கானிக் அல்லவா, அளவு சரியாகத் தெரிய வேண்டும்.

"யாருமே இல்லை."

"சதுப்புல கால் வச்சா முட்டி வரைக்கும் உள்ள போயிடும் சார். ஐந்நூறு பேர் எப்படி வருவாங்க?" என்றேன் நான்.

"அது உங்க சதுப்போட குறை. வாரியத்தோட குறை இல்லை" என்றார்.

அடுத்த வாரம் கருவி வந்தது. துணிக்கடை வாசலில் வருகிற ஆட்களை எண்ணுவதற்காகச் செய்த கருவியாம். மலிவாகக் கிடைத்ததென்று வாரியம் நானூறு வாங்கிப் போட்டிருந்தது. இரண்டு குட்டைக் கம்பம், நடுவே ஒரு சிவப்பு வெளிச்சம். வெளிச்சத்தைக் கால் மறித்தால் ஒன்று ஏறும். கடைசியில் மொத்தத்தை இரண்டால் வகுத்தால் ஆள் கணக்கு வந்துவிடும். எண்ணிக்கை அலுவலர் கையேட்டைப் பிரித்து, "கணுக்கால் உயரத்தில் நிறுத்தவும்" என்று உரக்கப் படித்தார்.

"யாரோட கணுக்கால் சார்?" என்று இவர் கேட்டார்.

கையேட்டில் அது இல்லை. அலுவலர் தம் கணுக்காலையே அளவு வைத்தார். அவர் நின்ற இடத்தில் கால் நாலு விரல்கடை சேற்றில் அமுங்கியிருந்ததை மறந்துவிட்டார். ஆக, வெளிச்சம் தரையிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் கரையோரமாகப் போயிற்று. கையைத் தட்டிக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார்.

தெருவில் எல்லோரும் கூடிப் பேசினோம். பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். "இதுல என்ன இருக்கு? நாமளே ட்ரிப் அடிப்போம்" என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு இருபத்தேழு பேர் வரிசையாக நின்றோம். "ரைட், போலாம்!" என்றார். ஒவ்வொருவராகக் கருவியைத் தாண்டிப் போய், புதரைச் சுற்றி வந்து, மறுபடி தாண்டினோம். மூன்று தடவை சுற்றியதும் அடுத்த தெரு ஆசிரியை செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனார். என் முழங்கால் அன்றைக்கு முழுக்க மெஷினை மிதிக்க மாட்டேன் என்று மக்கர் பண்ணியது. நாலு நாள் நடந்ததில், டிரைவர் அண்ணன் நோட்டில் போட்ட கணக்குப்படி, அதிகபட்சம் நாங்கள் எட்டியது இருநூற்றுப் பன்னிரண்டு. ஐந்தாம் நாள் நானும் டிரைவர் அண்ணனும் மட்டும்தான் வந்தோம்.

"விடும்மா. வண்டியே இல்லாம எத்தனை ட்ரிப் அடிக்கறது?" என்று அவரும் போய்விட்டார்.

நான் சீருடை மூட்டைகளைப் பரண்மேல் ஏற்ற ஆரம்பித்தேன். மழைக்காலத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் பயத்துக்குக் காலண்டர் தெரியுமா?

தொண்ணூறு நாள் முடிந்து வாரியத்தின் முடிவு தபாலில் வந்தது. நான் பிரிக்கவில்லை. இவரிடம் கொடுத்தேன். இவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். 'மேற்படி சதுப்புக்கு வருகை தருவோரின் தினசரிச் சராசரி: 11,640½ பேர். நகரத்திலேயே மக்கள் அதிகம் விரும்பும் இயற்கைப் பகுதியாக இது அறிவிக்கப்படுகிறது.'

"பதினோராயிரமா?" என்றேன்.

"அரைப் பேர் யாருன்னு பார்க்கணும்" என்று இவர் எழுந்து போனார்.

சாயங்காலம் வரை கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கருவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தார். "புரிஞ்சு போச்சு! தவளை குதிச்சா ஏறுது. வாத்துக் கூட்டம் போனா முப்பது நாப்பதுன்னு ஏறுது. நாரை ஒத்தைக் கால்ல வந்து நிக்குது பாரு, அதான் அந்த அரை. ஆனா பெரிய ஆளு யாரு தெரியுமா? மரவட்டை! இலைக்கு அடியிலருந்து அது பாட்டுக்கு மெதுவா வருது. இருநூறு கால். அப்படியே நூறு பேர்! நான் பார்க்கப் பார்க்க முப்பது மரவட்டை போச்சு. மூவாயிரம் பேர்!"

நான் சிரித்த சிரிப்பில் ஊசி கையில் ஏறிவிட்டது. மரவட்டைக் குலம் நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டு வாழ்த்தினேன்.

இவர் சிரிக்கவில்லை. "தப்பா எண்ணியிருக்காங்க. போய்ச் சொல்லிடலாம்" என்றார்.

"என்னது?"

"பாவம், அவங்களுக்குத் தெரியாது போல."

"நுணலும் தன் வாயால் கெடும்னு கேட்டிருக்கீங்களா? பேசாம இருங்க. நம்ம வீடு தப்பிச்சுது, அவ்வளவுதான்."

இவர் பேசாமல் இருந்தார். நான்தான் இருக்கச் சொன்னேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாராட்டு விழாவைச் சதுப்பின் கரையிலேயே வைத்தார்கள். சேற்றின் மேல் பலகை, பலகையின் மேல் சிவப்புக் கம்பளம். வெயில் கண்ணில் அடிக்கிறதென்று மேடையைச் சதுப்புக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருந்தார்கள். பின்னால் பேனரில் ஒரு பெரிய நீர்நிலைப் படம். அது வேறு ஏதோ ஏரி. நம்முடையது படத்தில் அவ்வளவு நன்றாக விழவில்லையாம்.

வாரியத் தலைவர் பேச எழுந்தார். ஷூவைச் சுற்றிப் பாலித்தீன் உறை கட்டியிருந்தார்.

"சகோதர சகோதரிகளே! இயற்கையை என்னை மாதிரி நேசிக்கறவன் யாரும் கிடையாது. அதனாலதான் பதினெட்டு வருஷமா இந்தப் பதவியில இருந்தும் ஒரு தடவைகூட நேர்ல போய் அதைத் தொந்தரவு பண்ணினதில்லை. இன்னைக்குத்தான் முதல் முறையா பார்க்கறேன். நல்லா இருக்கு. கொஞ்சம் ஈரமா இருக்கு. அதைச் சரி பண்ணிடலாம்."

பின்னால் தவளைகள் கத்தின. தலைவர் கையை உயர்த்தி, "நன்றி, நன்றி" என்றார்.

"தினம் பதினோராயிரத்து அறுநூத்து நாப்பதரைப் பேர் இங்க வர்றாங்க. அவங்க உட்கார ஒரு பெஞ்ச் இருக்கா? ஒதுங்க ஒரு இடம் இருக்கா? வண்டியை எங்க நிறுத்துவாங்க? இத்தனை அவதிப்பட்டும் அவங்கள்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் எங்களுக்குப் புகார் எழுதலை. இவ்வளவு பொறுமைசாலிகளை நான் எங்கயும் பார்த்ததில்லை!"

இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

தலைவர் வசதிப் பொறியாளரை அழைத்தார். அவர் வரைபடத்தை விரித்து விளக்கினார். ஆயிரம் வருகையாளருக்கு இத்தனை கார் நிறுத்துமிடம், இத்தனை கழிப்பறை, இத்தனை இருக்கை என்று விதி இருக்கிறது. இங்கே வருகிற கூட்டத்துக்குக் கூட்டிப் பார்த்தால் நாற்பத்தொரு ஏக்கர் வசதிகள் தேவை. இருக்கிற இயற்கை முப்பத்தெட்டு ஏக்கர்தான்.

"அப்ப மூணு ஏக்கர் இயற்கை பத்தலை" என்றார் தலைவர் வருத்தத்தோடு.

"மாடி கட்டிச் சமாளிச்சுக்கலாம் சார்."

"இயற்கைக்குன்னு இடம் விட்டிருக்கீங்களா? அது முக்கியம்."

"மொட்டை மாடியில பதினாறு தொட்டி சார்."

தலைவர் கண் கலங்கிவிட்டது. "பதினாறு!" என்று மைக்கிலேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். டிரைவர் அண்ணன் மட்டும் என் காதருகே குனிந்து, "கிணறு வெட்டப் பூதம் கிளம்பிடுச்சேம்மா" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நானே இவரிடம் சொன்னேன். "போய் உண்மையைச் சொல்லிடலாங்க."

இவர் ஒரு தீப்பெட்டியில் மரவட்டை ஒன்றைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டார். மறுபடியும் ஆறு மாடி. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. எண்ணிக்கை அலுவலரின் மேஜைமேல் தீப்பெட்டியைத் திறந்து வைத்தார். அது சுருண்டு கிடந்து, பிறகு மெதுவாகப் பிரிந்து, படிவங்களின் மேல் நடக்க ஆரம்பித்தது.

"இதுதான் சார் உங்க வருகையாளர். நூறு பேர்" என்றார் இவர்.

அலுவலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இரண்டாம் நாளே தெரியும் சார்."

"அப்புறம் ஏன் சார் சொல்லலை?" என்றேன்.

"சொல்றதுக்கு ஒரு படிவம் வேணும்மா. இப்ப தலைவர் கையெழுத்தும் போட்டாச்சு. கையெழுத்துக்கு அப்புறம் இது மரவட்டை இல்லை. புள்ளிவிவரம்."

"திருத்தி எழுதுங்க. மனுஷங்க வரலைன்னு எழுதுங்க."

"எழுதலாம். எழுதினா எத்தனை பேர் வர்றாங்கன்னு ஆகும்?"

"யாரும்..." என்று ஆரம்பித்த நான் நிறுத்திக்கொண்டேன்.

"யாரும் வரலைன்னா வெற்றிடம். மண்ணைக் கொட்டி மூடணும். நிறைய பேர் வந்தா வசதி கட்டணும். அதுக்கும் மண்ணைக் கொட்டி மூடணும்." இரண்டு கைகளையும் தராசு மாதிரி தூக்கிக் காட்டினார். "எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. மக்கள் கருத்துக்கு வாரியம் எப்பவும் மதிப்புக் கொடுக்கும்."

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? மரவட்டையைத் தீப்பெட்டியில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தோம். அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கரையில்தான் விட்டார் இவர். மறுவாரம் அங்கே முதல் லாரி வந்தது.

நாலு மாதம் லாரி ஓடியது. கோரையை வாரி எறிந்தார்கள். மண் விழ விழ நாரைகள் மேலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தன. இறங்க இடம் தேடி மூன்று நாள் சுற்றின. நாலாம் நாள் காணோம். பன்னிரண்டு வருஷம் அந்தப் பக்கம் ஜன்னலை வைத்துக்கொண்டு தைத்திருக்கிறேன், அவற்றை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். வீட்டை நினைத்தா, நாரையை நினைத்தா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சதுப்பு இருந்த இடத்தில் நாலு மாடிக் கார் நிறுத்துமிடம், எண்பது கழிப்பறை, டிக்கெட் கவுண்டர், கூட்டத்தைக் கட்டுப்படுத்த வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்பு, 'இயற்கை மதிப்பு மாளிகை' என்று ஒரு கண்ணாடிக் கட்டடம் எல்லாம் எழும்பின. மொட்டை மாடியில் பதினாறு தொட்டி. கருவியைத் துடைத்து வாசலில் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு மறுநாள் அது காட்டிய எண்ணிக்கை அரை. காவலாளி ஒற்றைக் காலை உள்ளே வைத்திருக்கிறார், யாரோ கூப்பிட்டதும் அப்படியே வெளியே திரும்பிவிட்டாராம்.

அப்புறம் மழை வந்தது.

முதல் நாள் தண்ணீர் வழக்கம்போல எங்கள் வாசற்படியை உரசிக்கொண்டு போனது. கார் நிறுத்துமிடத்துச் சுவர்வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. படி ஏறியது. நான் கதவிடுக்கில் சாக்குத் துணியை அடைத்தேன். அடைக்க அடைக்கக் கீழே வழியாக வந்தது. இவர் மெஷின்களின் மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றுவதற்குள் இரண்டு போய்விட்டன. வெட்டி வைத்திருந்த சீருடைத் துண்டுகள் கையும் காலரும் தனித்தனியாக அறைக்குள் மிதந்தன. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு முழங்கால் அளவுதான். அதற்கே போதும் போதும் என்றாகிவிட்டது.

வாரியத்துக்குப் புகார் எழுதினேன். பதில் வந்தது. 'வெள்ளம் எங்கள் பொறுப்பில் வராது. எங்கள் பொறுப்பு இயற்கை மட்டுமே.'

மழை நின்றும் தண்ணீர் வடியவில்லை. வடிய இடம் எங்கே? மற்ற வீடுகளில் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. இறங்கியதெல்லாம் எங்கள் வீட்டில் வந்து நின்றது. நானும் இவரும் பரணிலும் மாடிப்படியிலுமாகக் குடித்தனம் நடத்தினோம். இரண்டு மாதத்தில் முன்னறை ஜன்னலோரம் கோரை முளைத்தது. அடுப்படியில் தவளை முட்டையிட்டது. ஒரு காலையில் நான் இறங்கி வந்தால், என் துணி வெட்டுகிற மேஜைமேல் ஒரு நாரை நின்றுகொண்டிருக்கிறது. ஒற்றைக் காலில். என்னைப் பார்த்தது. இத்தனை நாள் எங்கே அலைந்ததோ, இளைத்துப் போயிருந்தது. விரட்ட மனசு வரவில்லை. "நில்லு, நீயாவது நில்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறிவிட்டேன்.

அந்த வாரம்தான் எண்ணிக்கை அலுவலர் தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். கையில் அந்தக் கருவி. மாளிகையில் கூட்டம் அடியோடு குறைந்துவிட்டதாம். வந்துகொண்டிருந்த பதினோராயிரம் பேரும் எங்கே போனார்கள் என்று கண்டுபிடிக்கத் தலைவர் உத்தரவாம். அவர்களைத் தேடிக்கொண்டுதான் தெருத்தெருவாக வந்திருக்கிறார். எங்களைக் கேட்காமலே வாசற்படியில் இரண்டு கம்பத்தையும் ஊன்றிவிட்டு, என் மேஜைமேல் ஏறிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாயும்போது எண்ணைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"வாழ்த்துகள்மா! ஒன்பதாயிரத்து முந்நூறு! உங்க வீடு இப்ப உயர் மதிப்பு இயற்கைப் பகுதி. போன தடவை வசதி கட்டின அனுபவம் சரியா வரலை. அதனால விதியை மாத்திட்டாங்க. இனிமே எதையும் கட்டக் கூடாது. இருக்கறதை அப்படியே பாதுகாக்கணும். ஒரு செங்கல்லை நகர்த்தக் கூடாது, ஒரு வாளித் தண்ணியை வெளியில இறைக்கக் கூடாது."

"சரி சார். நாங்க?" என்றேன்.

"நீங்கன்னா?"

"நாங்க இங்கதானே சார் இருக்கோம்? எங்க வீடு சார் இது."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர்."

"ரெண்டு பேர்னா, விதிப்படி யாருமே இல்லைம்மா" என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "யாருமே இல்லையா? பன்னிரண்டு வருஷமா இந்த வாசப்படியைத் தினம் ரெண்டு வேளை துடைச்சவ நான். இந்தச் சுவருக்கு மூணு தடவை சுண்ணாம்பு அடிச்சவர் இவர். மரவட்டைன்னா நூறு பேரு, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருமே இல்லையா? அன்னைக்குத் தண்ணியைக் கோடு போட்டு அடிச்சீங்க, நாரையை அலங்காரம்னீங்க, கேட்டுக்கிட்டு வந்தேன். மரவட்டையை நீங்க ஆளா எண்ணினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அது என் தப்பு. இப்ப வாயைத் திறக்கறேன். இந்த வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம். எழுதுங்க. எழுதாம இந்த மேஜையை விட்டு இறங்க விட மாட்டேன்."

என் கையில் துணி வெட்டுகிற கத்தரி இருந்தது. ஏதோ எடுக்கப் போனபோது கையோடு வந்தது, வேறொன்றுமில்லை. அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லைம்மா... குறிப்புன்னு கீழ கொஞ்சம் இடம் இருக்கு" என்று சொல்லி, 'இரண்டு பேர் இருக்கிறார்கள்' என்று எழுதி, தேதி போட்டு, எனக்குக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். கதவைச் சாத்தினேன். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வழியாக நாங்கள் இருப்பது ஒரு காகிதத்தில் ஏறிவிட்டது.

பத்து நாள் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து இவர் பிரித்துப் படித்தார். 'பாதுகாக்கப்பட்ட மேற்படி இயற்கைப் பகுதிக்குள் இரண்டு பேர் அனுமதியின்றி வசித்துவருவது கள ஆய்விலும், அவர்களது சொந்த வாக்குமூலத்தாலும் உறுதியாகியுள்ளது. ஆக்கிரமிப்பாளர்கள் இருவரும் ஏழு நாட்களுக்குள் வெளியேற்றப்படுவர்.'

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். 'இரண்டு பேர்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தியா? இந்தத் தடவை சரியா எண்ணியிருக்காங்க" என்றார்.